விலை கொடுத்த விருந்தாளி

மணிமங்கலத்தில் நம் வீட்டுத் திண்ணையோரத்தில் ஒரு மண்பானை இருந்தது. பாட்டனார் காலத்தில் வைத்த வழக்கம் அது. தாம்பரம் பக்கமிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வருவோர், எந்த ஊரார், எந்த மார்க்கத்தார் என்ற கேள்வியின்றி அதில் நீர் மொண்டு குடித்துவிட்டுச் செல்வார்கள். லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒருமுறையும், அஸருக்குப் பின்னால் ஒருமுறையும் அப்பானையை நிரப்புவதைத் தாயார் அவர்கள் தம் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகவே கொண்டிருந்தார்கள். குடித்தவர் நன்றி சொன்னாரா என்று அவர்கள் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இன்று அந்தத் திண்ணை இல்லை, பானையும் இல்லை. திண்ணையை இடித்து, அதையடுத்த நெற்களத்தையும் சேர்த்து, ஆறு அறைகள் கட்டியிருக்கிறோம். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அவற்றில் குடியிருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அறைக்கு வாடகை உண்டு. அதற்கு மேல், தண்ணீருக்கென்று மாதந்தோறும் தனியாக ஒரு தொகையும் வாங்குகிறோம்.

அதே நிலம், அதே நிலத்தடி நீர், வருகிறவரும் அன்றுபோலவே வெளியூர்க்காரர். அன்று முஸாபிராக வந்தவருக்கு நீரைக் கொடுத்தோம். இன்று குடித்தனக்காரராக வந்தவருக்கு நீரை விற்கிறோம். இடையில் மாறியது என்ன? விலை பேசி, கணக்குத் தீர்த்துவிட்டால், வந்தவருக்கும் இருப்பவருக்கும் இடையிலுள்ள கடமையும் தீர்ந்துவிடுகிறதா?

இந்தக் கேள்வியை நம் ஊரை மட்டும் வைத்து ஆராயப் புகுந்தால், நம் பக்கத்து நியாயங்கள் எல்லாம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். ஆகவே வாசக அன்பர்களைச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் சென்று திரும்ப விரும்புகிறோம். அங்கே வந்திறங்குவோர் தொழிலாளர் அல்லர், உல்லாசப் பயணிகள். ஆயினும் கேள்வி ஒன்றேதான்.

சாம்பலில் விளைந்த திராட்சை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலில், லான்சரோட்டே என்று ஒரு தீவு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக்குரிய கனாரித் தீவுகளுள் ஒன்று. பரப்பு 846 சதுர கிலோமீட்டர். எரிமலைகளால் ஆன தீவு அது. ஆறு கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்துப் பார்த்தாலும் 150 மில்லிமீட்டரை எட்டுவது அரிது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெய்யும் மழையில் எட்டில் ஒரு பங்குதான் அது.

1730-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இரவு அங்கே பூமி பிளந்தது. 1736 வரை, ஆறு ஆண்டுகள், நெருப்புக் குழம்பு விட்டு விட்டு வழிந்தது. யாய்சா என்னும் சிற்றூரின் பாதிரியார் ஒருவர் தம் கண்முன் ஊர்கள் ஒவ்வொன்றாய் மறைந்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அடங்கியபோது தீவின் நாலில் ஒரு பங்கு நிலம், அதுவும் நல்ல விளைநிலம், கருங்கல்லுக்கும் சாம்பலுக்கும் அடியில் போய்விட்டது.

மக்களில் ஒரு பகுதியினர் கப்பலேறினர். எஞ்சியவர்கள் ஒரு செய்தியைக் கண்டுகொண்டார்கள். கரிய எரிமலைச் சாம்பல் இரவில் இறங்கும் பனியீரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பகலில் அதை வெயிலுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. சாம்பலைத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணை எட்டும்வரை ஆளுயரத்துக்கும் மேலான குழி பறித்தார்கள். குழிக்கு ஒரே ஒரு திராட்சைக் கொடி. காற்று வரும் திசையில் அரைவட்டமாக ஒரு கற்சுவர். லா ஹெரியா என்னும் பள்ளத்தாக்கில் இத்தகைய குழிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. உழவுக்கும் சுமைக்கும் ஒட்டகம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டகம், நம் ஊர் எருதைப்போல அங்கே கலப்பை இழுத்தது.

குடிநீருக்கு, கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். அந்தத் தொட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயர் அல்ஹிபே. ஸ்பெயின் மொழிக்கு அரபியிலிருந்து சென்ற சொல் அது, மூலம் 'அல்ஜுப்'. யூசுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களைச் சகோதரர்கள் போட்ட கிணற்றைக் குறிக்கத் திருமறை வழங்கும் அதே சொல். மழை பொய்த்த ஆண்டுகளில் தொட்டியும் வறண்டுவிடும். வேறு தீவுகளிலிருந்து கப்பலில் நீர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாகக் கியூபாவுக்கும் வெனிசுலாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் அவர்கள். வறுமையைத் தொலைவிலிருந்து அழகு என்று புகழ்வது, அதை அனுபவித்தவருக்குச் செய்யும் அநீதியாகும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு நீரின் பெறுமானம் அந்தத் தீவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

விமானம் இறங்கியபின்

1960-களின் நடுவில் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஐரோப்பிய நாடுகளுக்குட்பட்ட நிலங்களில், ஊர்க்குடிநீருக்கென அமைந்த முன்னோடி ஆலைகளுள் அதுவும் ஒன்று. குழாயைத் திறந்தால் நீர் என்ற நிலை வந்ததும், கூடவே உல்லாசப் பயணிகளும் வந்தார்கள். குளிர்நாட்டாருக்கு ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் தீவு பெரும் வரமல்லவா! அதுவரை சாபம் என்று எண்ணப்பட்ட வறட்சியே விற்பனைக்குரிய சரக்காயிற்று. மழை பெய்யாது என்பதே விளம்பரம்.

அந்நாளில் அத்தீவுக்கு நல்லறிவு சொல்ல ஒருவர் இருந்தார். ஸெஸார் மான்ரிக்கே என்னும் ஓவியர். 1919-இல் அத்தீவின் அர்ரெசிஃபே நகரில் பிறந்தவர். நியூயார்க் நகரில் புகழோடு வாழ்ந்திருந்தவர், 1960-களின் பிற்பகுதியில் ஊர் திரும்பினார். பயணிகள் வருவதை அவர் எதிர்க்கவில்லை. வருகிறவர் நம் வீட்டை நம் வீடாகவே காணட்டும் என்றார். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான குகைகளையே விருந்து மண்டபங்களாக்கினார். வீடுகள் வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும், சாலையோரங்களில் விளம்பரப் பலகைகள் வேண்டா என்று ஊருக்கு ஊர் சென்று வாதாடினார். தீவின் ஆட்சி மன்றத்தார் அவர் பேச்சைக் கேட்டார்கள். 1974-இல் எரிமலைப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1991-இல், பயணிகளுக்கான படுக்கைகள் இத்தனைதான் என்று எல்லை கட்டும் திட்டமும் இயற்றப்பட்டது. 1993-இல் யுனெஸ்கோ அத்தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

அதைக் காண அவர் இல்லை. 1992 செப்டம்பரில், தம் பழைய வீட்டுக்கு அருகே ஒரு கார் விபத்தில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் பேசியதெல்லாம் புகழ்மொழி அன்று, புலம்பல். தாம் அழகுபடுத்திய தீவை, அந்த அழகைக் காட்டியே கூறுபோட்டு விற்கிறார்கள் என்று வெளிப்படையாகவே கண்டித்தார். எல்லை கட்டிய பிறகும் கரையோரங்களில் விடுதிகள் எழுந்தன. முறையற்றவை என்று இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளின் உரிமங்களை நீதிமன்றம் பின்னாளில் செல்லாதவையாக்கியது. ஆனால் கட்டிய கட்டடம் கட்டியதாகவே நின்றது.

இன்று ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் அத்தீவுக்கு, ஆண்டுக்கு முப்பது இலட்சம் அளவில் பயணிகள் வருகிறார்கள். கலப்பை இழுத்த ஒட்டகம் இப்போது பயணிகளைச் சுமந்து எரிமலைச் சரிவில் வரிசையாக நடக்கிறது. குடிநீர் ஏறத்தாழ முழுவதும் கடலிலிருந்து எண்ணெய் எரித்து எடுக்கப்படுகிறது. அப்படி எடுத்த நீரிலும் பாதியளவு பழைய குழாய்களில் கசிந்து வீணாகிறது. பனித்துளியைச் சாம்பலில் சேமித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் இது நடக்கிறது.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து விமானங்கள் நின்றபோது, அங்கே விடுதிகள் இருண்டன. திராட்சைக் குழிக்குத் திரும்பிப் போகத் தெரிந்தவர்கள் சிலரே இருந்தார்கள். பின்னர் பயணிகள் திரும்பி வந்தார்கள். முன்னிலும் மிகுதியாக வந்தார்கள். 2024 ஏப்ரல் 20-ஆம் நாள் கனாரித் தீவுகள் அனைத்திலும் மக்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். எங்கள் தீவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அவர்களின் முழக்கம். விடுதி அறையைத் துடைத்துப் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு, அதே தீவில் குடியிருக்க ஒரு வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை. வீடுகளெல்லாம் பயணிகளுக்கென்று போய்விட்டன. விருந்தாளிக்கு இடமிருக்கிறது, வீட்டாருக்கு இடமில்லை.

நமக்கு அருகிலேயே மாலத்தீவு இருக்கிறது. 1972-இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டபோது, மக்கள் குடியில்லாத தீவுகளில்தான் விடுதிகள் என்று வகுத்துக்கொண்டார்கள். ஊரின் ஒழுக்கம் ஊருக்கு, வந்தவரின் கேளிக்கை அவருக்கு என்று கடலையே வேலியாக்கிய ஏற்பாடு அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், குடியுள்ள தீவுகளிலும் தங்கும் வீடுகளுக்கு இடம் தரப்பட்டது. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பற்றியபோது, ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களுக்குக் குடிக்க நீரில்லை. நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் நீர் சென்றது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு, ஓர் இயந்திரத்தின் தயவில் தாகம் தீர்ப்பது எத்தகைய நிலை என்பதை அன்று அவர்கள் கண்டார்கள்.

நம் ஊர்க் கணக்கு

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மணிமங்கலம் நேற்று முளைத்த ஊரன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு நம் ஊரைக் குறிக்கிறது. படைகள் வந்தன, போயின. ஊரை ஊராக வைத்திருந்தது ஏரி. மழை நமக்கு இல்லாமற் போகவில்லை; ஆனால் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களுக்கு அதைத் தேக்கி வைப்பதற்கே ஏரி. மதகு திறப்பதற்கு முறை உண்டு. நீரைப் பங்கிட நீர்க்கட்டி உண்டு. மிகுந்த நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அடையாற்றின் தலைப்பகுதியே நம் வட்டாரத்து ஏரிகளில்தான் தொடங்குகிறது. லான்சரோட்டே மக்களுக்குச் சாம்பல் எப்படியோ, அப்படி நமக்கு ஏரிக்கரை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் பெரிய கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்தவற்றைச் சாலையில் போகிற எவரும் காணலாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பெண்பிள்ளைகள் படித்துச் சம்பாதித்தார்கள். வெளிநாட்டுக்குப் போயே தீரவேண்டும் என்றிருந்த குடும்பங்கள் ஒன்றாக வாழ வழி பிறந்தது. இந்த நிஃமத்தை மறுப்பவன் நன்றி கெட்டவன். அதே வேளையில் ஆயக்கட்டு நிலங்கள் மனைகளாயின. வரத்துக்கால்கள் பல இடங்களில் மனைகளுக்குள் மறைந்தன. 2015 டிசம்பரில் போக வழியறியாத நீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. எட்டு மடங்கு மழை பெறும் நாம், எரிமலைத் தீவுக்காரரைப்போல் வெளியூர் நீரை எதிர்பார்த்து நின்றோம்.

வந்தவர்கள் என்றென்றும் இருப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. 2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்துவிட்டு 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2020-இல் நம் ஆறு அறைகளும் ஒரு சேர வெறுமையாயின. களத்தை இடித்துவிட்டோம் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம்.

பூட்டிய குழாய்

2019 கோடையில் நம் வீட்டில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இறங்கியது. குடித்தனக்காரர்களின் குழாய்க்குப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டோம். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டுமே திறப்பு. நம் வீட்டுக் குழாய்க்குப் பூட்டு இல்லை. இரவு வேலை முடிந்து ஒன்பது மணிக்குத் திரும்பும் ஒரு பிள்ளை, குடிக்க வாங்கி வைத்திருந்த நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு உறங்கப் போவதை நாம் ஜன்னல் வழியே பார்த்தோம். பார்த்தும் பூட்டைத் திறக்கவில்லை. அந்த மாதமும் தண்ணீர்த் தொகையை முழுவதுமாக வாங்கினோம்.

மழை வந்தது, பூட்டும் போயிற்று. அவ்வாண்டு இறுதியில் ஒருநாள் நாம் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டோம். மாடித் தொட்டி நிறைந்து நீர் சுவர் வழியே வழிந்து தெருவரை ஓடியிருக்கிறது. அதே பிள்ளை சுற்றுச்சுவர் ஏறி, பின்கட்டில் இருந்த விசையை அணைத்திருக்கிறான். இரவு நாம் திரும்பியதும், அனுமதியின்றிச் சுவர் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்க வந்து நின்றான். ஒடிசாவில் தன் ஊரில் தாயும் தங்கையும் நெடுந்தொலைவு நடந்து தண்ணீர் சுமந்து வருவதாகவும், வழிந்தோடும் நீரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றும் அரைகுறைத் தமிழில் சொன்னான்.

அன்றிரவு நம்மால் உறங்க முடியவில்லை. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூ செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று சிறு வயதில் நமக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தப் பாடத்தை நம் வீட்டில் நடத்திக் காட்டியவன், நாம் குழாயைப் பூட்டி வைத்த ஒருவன்.

யாருடைய பொருளை விற்றோம்?

விருந்தோம்பலைப் பற்றி நம் மார்க்கம் சொல்வதில் ஒரு பாதியையே நாம் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது ஒரு பாதி. விருந்து மூன்று நாள். வீட்டாரை இக்கட்டுக்குள்ளாக்கும் அளவுக்கு விருந்தாளி தங்குவது ஆகாது என்பது மறுபாதி. இருவருக்கும் கடமை உண்டு. இருவருக்கும் எல்லை உண்டு. தமிழ் மரபும் விருந்தை இல்லறத்தின் அறமாகத்தான் வைத்தது, வருவாயாக வைக்கவில்லை.

விலை நடுவே வந்ததும் அவ்விரு கடமைகளும் ஒரே நொடியில் மறைந்துவிடுவதாக எண்ணிக்கொள்கிறோம். பணம் கொடுத்துவிட்டேன், எவ்வளவு நேரம் குளித்தால் உனக்கென்ன என்கிறார் பயணி. பணம் வாங்கிவிட்டேன், நீ எப்படிப் போனால் எனக்கென்ன என்கிறார் வீட்டுக்காரர். வியாபாரம் ஹலால் என்பதில் ஐயமில்லை. அறை நம்முடையது, அதற்கு வாடகை வாங்குவதும் முறையே. மோட்டாருக்கும் மின்சாரத்துக்கும் ஆன செலவைக் கேட்பதும் முறையே. ஆனால் நிலத்தடி நீர் நம்முடையதா? ஏரியில் தேங்கி, ஊரின் அடியிலெல்லாம் ஊறி, அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் நாளைய பிள்ளைக்கும் சேரவேண்டிய அமானத் அது. மனிதர் அனைவரும் பங்காளிகளாக உள்ள பொருள்களில் நீரை முதலில் வைத்து எண்ணிய மார்க்கம் நம்முடையது. வாங்குபவர் விலை கொடுத்தார், விற்பவர் பெற்றுக்கொண்டார். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு யார் என்ன கொடுத்தார்?

லான்சரோட்டே தீவின் துயரம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பயணிகள் கெட்டவர்கள் என்பதன்று; தீவார் பேராசைக்காரர் என்பதுமன்று. இருவருக்கும் இடையே எல்லாக் கணக்கும் சரியாகவே இருந்தது. கணக்கில் வராத மூன்றாமவர்தான் 2024-இல் தெருவுக்கு வந்து நின்றார். மான்ரிக்கே பெற்றுத் தந்த எல்லைகள் காகிதத்தில் நின்றன; விற்பவரின் மனத்தில் இறங்கவில்லை. சட்டம் எல்லை கட்டலாம். விலை கொடுத்தவரும் விருந்தாளியே, விலை வாங்கியவரும் வீட்டாரே என்ற நினைவு இருந்தால்தான் அந்த எல்லை நிற்கும்.

இதை எழுதும் நமக்கு வெள்ளாடை உடுத்தும் தகுதி இல்லை. அறைகளை இடிக்கப் போவதில்லை. வாடகையும் தொடர்ந்து வாங்குவோம். ஆனால் தண்ணீர்த் தொகையை மின்சாரச் செலவின் அளவுக்குக் குறைத்துவிட்டோம். மாடியில் விழும் மழைநீர் தெருவுக்கு ஓடாமல் பழைய கிணற்றுக்குள் இறங்க வழி செய்திருக்கிறோம். அந்த வாய்க்காலை வெட்டியபோது ஒடிசாப் பிள்ளையும் விடுமுறை நாளென்று பாராமல் மண்வெட்டி பிடித்தான். கூலி கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டான்.

கோடை தொடங்குமுன் ஒரு பானை வாங்க வேண்டும். திண்ணை இல்லை, வாயிற்படியருகே வைக்க இடம் இருக்கிறது. அதை நிரப்பும் பொறுப்பை வீட்டுக் குழந்தைகளிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். யார் குடித்தார்கள் என்று அவர்கள் கணக்கு வைக்காமல் இருக்கப் பழகினால், இன்ஷா அல்லாஹ், அதுவே போதும்.